பொடிப்படம்

நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கொடுத்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, மாப்பிள்ளை யார், எந்த மண்டபம் என்று பார்ப்பதற்கு முன்பே என் கட்டைவிரல் அந்த அட்டையின் விளிம்பைத் தடவி மெல்ல வளைத்துப் பார்த்தது. பின்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். வழவழப்பாக இருந்தது. நார் தெரியவில்லை. ஈரம் பட்டால் உப்பாது. "இது தாங்குமுங் தம்பி" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

அப்படி நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வயதில், யாருமில்லாத அறையில், ஒரு அட்டையை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் போல எனக்கும் நீங்கள் வார்டனம்மாதான். என் தங்கை சரசு உங்கள் விடுதியில் தங்கிப் படித்த, ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அப்பா தயங்கித் தயங்கித்தான் அவளைக் கோயமுத்தூர் மிஷன் பள்ளியில் சேர்த்தார். நான் அதே ஊரில் ஒரு தமிழ்த் தினசரியின் நிருபர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவளைப் பார்த்து வருவது என் பொறுப்பானது. பார்வையாளர் அறையில் ஒரு நீள பெஞ்சும், எதிரே உங்கள் மேசையும் இருக்கும். வந்தவர்கள் பேசி முடிக்கும்வரை வார்டன் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

நீங்கள் ஏதோ கணக்கு எழுதுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலை நிமிர்ந்தபோது உங்கள் கீழுதடு நீலமாக இருந்தது. பயந்துபோய்ச் சரசுவிடம், "வார்டனம்மாவுக்கு ஒடம்பு செரியில்லையா?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட, அது பெயிண்டுண்ணா. பிரஷ்ஷை ஒதட்டுல வெச்சு வெச்சுக் கூராக்குவாங்க. நேத்துப் பச்சை. முந்தாநேத்துச் செவப்பு. வெத்தலை போட்டீங்களான்னு பெரிய டீச்சரே கேட்டுப்போட்டாங்க."

"அங்க என்னங் கண்ணு சிரிப்பு?" என்று கேட்டபடி நீங்கள் வரைந்துகொண்டிருந்ததை எங்கள் பக்கம் திருப்பினீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டையில் மதில் ஒன்று, அதன்மேல் கிளி.

"பச்ச மொளகாய்க்கு மூக்கு வெச்ச மாற இருக்குதுங்களா?"

இருந்தது. "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"பத்திரிகைக்காரர் பொய் சொன்னாக் காது செவக்குது, பாத்துக்கோ அம்மணி" என்று சரசுவிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் நான் பொய் சொல்ல முயன்றதில்லை. பேசாமல் இருந்திருக்கிறேன். அது வேறு.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதை நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். பல வருடம் முன்பு சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் தன் வர்ணப் பெட்டியை உங்களிடம் விட்டுப் போயிருந்தார். கைக்கடக்கமான பெட்டி, மெல்லிய பிரஷ்கள், ஒரு பூதக்கண்ணாடி. டிரங்குப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. பிறகு உங்களுக்கு வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டார்கள்.

"போட்டதும் மொதல்ல பாத்தது என்ற கையைத்தானுங். இத்தனை ரேகையான்னு ஆயிப்போச்சு. அப்பறம் எறும்பு, அரிசி, புள்ளைக தலைப்பின்னல், கிட்டக்க இருக்கறதை எல்லாம் பாத்துட்டே இருக்கோணும்போல இருந்துச்சுங். சும்மா பாத்துட்டிருந்தா ஒரு மாதிரியா நெனைப்பாங்கன்னு வரையலாம்னு உக்காந்தேன்."

"இந்த வயசுல புதுசா ஒண்ணு பழகறது செரமமில்லீங்களா?"

"செரமந்தானுங். செரமமில்லாததெல்லாம் பழகி முடிச்சாச்சே."

கடையில் வாங்கிய காகிதம் வர்ணத்தைக் குடித்து உப்பிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரியாக வந்தது. அதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். நிருபர் வீட்டுக்குப் பத்திரிகைகள் குவியும் என்பதையும் நீங்களே கண்டுபிடித்து என்னிடம் கேட்டீர்கள். "முகூர்த்தம் முடிஞ்சதா எடுத்துட்டு வாங்க தம்பி. முடியாததுல வரைஞ்சா எனக்கு மனசு கேக்காது." ஒரு கட்டுக் கொண்டுவந்தேன். மஞ்சள் பட்ட மூலைகளை வெட்டித் தள்ளிவிட்டு, பின்பக்கத்தைத் துண்டு போட்டுக்கொண்டீர்கள். உங்கள் படங்களைத் திருப்பினால் யாரோ ஒருவர் கல்யாணத்தின் பாதி வரி இருக்கும். கிணற்றுக்குப் பின்னால் 'நிகழும்'. கொக்குக்குப் பின்னால் 'சுற்றமும் நட்'.

உங்கள் கை மெல்லத் தேறியது. கிளி கிளியாயிற்று. பிரஷ்ஷின் மயிரைக் கத்தரித்துக் கத்தரித்துக் கடைசியில் ஒற்றை மயிரை நிறுத்திக்கொண்டு கிணற்றுக் கயிற்றின் முறுக்கை வரைந்தீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கயிற்றில் ஈரம் தெரியும். விடுதிப் பிள்ளைகள் அவற்றை உங்கள் பேச்சிலேயே 'பொடிப்படம்' என்றார்கள். நீங்கள் வைத்த பெயர்தான். பொடிப்பசங்க என்பது போலப் பொடிப்படம்.

இனிச் சொல்ல வேண்டியது நம் இருவருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

பள்ளியில் வருடாவருடம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தையல் கண்காட்சி நடக்கும். அந்த வருடம் கூடத்தின் மூலையில் உங்கள் படங்களுக்கும் ஒரு மேசை போட்டார்கள். நீங்கள் அவற்றை விடுதிக்கு வெளியே வைத்தது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை நான் செய்தி எடுக்க வந்தேன். வந்தவர்கள் தலையணை உறையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். உங்கள் மேசைப் பக்கம் ஈ காக்கை இல்லை.

"இதை என்னன்னுங்க எழுதறது?" என்று கேட்டேன்.

"பொடிப்படம்னு எழுதிக்கோங் தம்பி."

"அது பேச்சுக்கு ஆகுமுங்க. அச்சுக்கு ஆகாது."

இந்த வாக்கியத்தை நான் சொன்ன தோரணை இன்னும் என் காதில் இருக்கிறது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எல்லாவற்றுக்கும் நல்ல தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் ஒரு சொல்லைச் செய்து அச்சில் பார்த்துவிடும் ஆசை இருந்தது. பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு சற்று யோசித்துவிட்டு, "சிற்றோவியம்" என்றேன்.

நீங்கள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தீர்கள். "அட, நான் செய்யறதுக்கு இத்தனை பெரிய பேருங்களா!" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மில்லில் இரவு வேலை முடிந்து வந்தவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். ஒருவர் எங்கள் பேப்பரை உரக்கப் படித்தார். என் செய்தியைத்தான். மிஷன் பெண்கள் பள்ளியில், விடுதிக் காப்பாளர் தாமே தீட்டிய, கண்ணைக் கவரும் சிற்றின்ப ஓவியங்கள் இன்றும் காட்சிக்கு உண்டு.

"என்ன ஓவியமுங்?"

"சிற்றின்ப ஓவியமுங்க."

"பொம்பளைப் புள்ளைக பள்ளிக்கொடத்துலயேங்?"

"அனுமதி எலவசம்னு போட்டிருக்குதுங்க."

"அப்பப் போய்ப் பாத்துப்போட்டே வந்தர்லாமுங்க."

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். அவர் படித்த சொல் அப்படியேதான் அச்சில் இருந்தது. டீக்குக் காசு கொடுத்தேனா என்று நினைவில்லை.

உங்கள் பள்ளிக்கு ஓடிவந்தபோது வாசலுக்கு வெளியே வரிசை நின்றது. வேட்டிகள், காக்கிச் சட்டைகள், மில் பனியன்கள். காவல்காரர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, "ஏனுங், இத்தனை ஆம்பளைக எம்பிராய்டரி பாக்க வந்து நான் பாத்ததே இல்லீங்" என்றார்.

கூடத்தில் தலையணை உறைகளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் விழித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முழுவதும் மூலை மேசையில் இருந்தது. உங்கள் கீழுதட்டில் பச்சை. ஒவ்வொருவர் கையிலும் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"இதானுங்களா?" என்றார் ஒருவர்.

"இதானுங்."

"வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"அறையில நாலஞ்சு கெடக்குதுங். அது வெளிய காட்டற மாற இல்லீங்."

இந்தப் பதில் வரிசை நெடுகிலும் பரவியது. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கண்ணாடியை வைத்திருந்தவர் குனிந்து ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்றா தெரியுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொக்கு."

"கொக்கு எனக்கே தெரியுது. பக்கத்துல என்ன?"

"இன்னொரு கொக்கு."

அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முகம் மலர்ந்தது. "வாங் தம்பி! பாத்தீங்களா, உங்க எழுத்துக்கு எத்தனை சனம்!"

நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து காதோடு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் வரும். உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு தூணோரம் நின்றேன். நிருபராக எத்தனையோ கூட்டத்தில் நின்றிருக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்று மட்டும்தான்.

தலைமை ஆசிரியை பேப்பரோடு வந்தார். உங்கள் முன் மடித்து வைத்து விரலால் காட்டினார். நீங்கள் யாரிடமிருந்தோ பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லின்மேல் பிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தீர்கள். "அச்சு என்னமோ சுத்தமா விழுந்திருக்குதுங்" என்றீர்கள். கூடத்தைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள். வெளியே போனவர்களில் சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் சிரிக்கவில்லை.

பிறகு நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "திருத்தம்னு போட்டு அந்த வார்த்தையை இன்னொருக்கா அச்சடிச்சுராதீங் தம்பி."

அலுவலகத்தில், முந்தின இரவு என் செய்தியைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பிய உதவி ஆசிரியர் வயதானவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "சிற்றோவியம்னு ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லீங் தம்பி. சிற்றுண்டி தெரியும். சிற்றப்பன் தெரியும். சிற்றின்பம் தெரியும். அவசரத்துல நடுவால ரெண்டு எழுத்தை விட்டுப்போட்டீங்கன்னு நெனைச்சு, ஓவியத்துக்குப் பக்கத்துல எது பொருந்தும்னு பாத்துச் சேத்துப்போட்டனுங்."

"பொம்பளைப் புள்ளைக பள்ளிக்கூடமுங்க!"

"வெள்ளைக்காரங்க பழக்கம், அதெல்லாம் இருக்குமோ என்னமோன்னு நெனைச்சனுங்."

அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. பொடிப்படம் என்று எழுதியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். பொடி அவருக்குத் தெரியும். படம் அவருக்குத் தெரியும்.

திருத்தத்தை அந்தச் சொல் வராமல் எழுதினேன். பள்ளியில் வைக்கப்பட்டவை பறவைகள், மரங்கள், கிணறுகள் ஆகியவற்றின் சிறிய அளவுப் படங்களே என்று வந்தது. அதை டீக்கடையில் யாரும் உரக்கப் படிக்கவில்லை.

பேச்சு ஊருக்கு ஊர் போயிற்று. சில தகப்பன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். உங்களை வார்டனாக வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப் பள்ளி நிர்வாகக் குழு கூடியது. செய்தி எழுதியவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாதிரியார், ஒரு டாக்டர், ஒரு மில் முதலாளி, தலைமை ஆசிரியை. நான் நடந்ததைச் சொன்னேன். அந்தச் சொல்லை எழுதியவன் நானல்ல, நான் எழுதிய சொல் வேறு என்றேன். உண்மைதான். சொல்லும்போதே, என்னை நான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பது தெரிந்தது.

நீங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் படங்களை எல்லாம் கொண்டுவந்திருந்தீர்கள். குழு அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போயிற்று. கிணறு தேறியது. அணில் தேறியது. தலை பின்னிக்கொள்ளும் பெண்ணைப் பாதிரியார் அவசரமாக அடுத்தவருக்குத் தள்ளினார். கொக்குகள் வந்தபோது மில் முதலாளி நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்கம்மா, இந்த ரெண்டு கொக்கும் எதுக்குங்க இத்தனை நெருக்கமா நிக்குது?"

"அட்டை அவ்வளவுதானுங்" என்றீர்கள்.

டாக்டர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். நீங்கள் சிரிக்கவில்லை.

அரை நாள் பேசினார்கள். உங்கள்மேல் தவறில்லை, நீங்கள் இருக்கலாம். ஆனால் ஊர் வாய் அடங்க வேண்டும், அதனால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இனிப் படம் வேண்டாம். இதுதான் முடிவு. பாதிரியார் அதைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். பிள்ளைகள் இருக்கும் இடம்தான் உங்கள் வீடு. உங்களுக்கு வேறு இடமில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

"செரிங்" என்று சொல்லி டப்பாவை மூடினீர்கள். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினீர்கள்.

சரசுவை அப்பா கூட்டிப்போகவில்லை. அவள் அங்கேயே படிப்பை முடித்தாள். நான் அதற்குப் பிறகு பார்வையாளர் அறைக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டேன். வாசலில் நின்று காவல்காரரிடம் பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவேன். ஒருநாள் சரசு வெளியே வந்து, "ஏண்ணா உள்ள வர்றதில்லை?" என்றாள்.

"வேலை."

"வார்டனம்மா கேட்டாங்க. இப்பல்லாம் அவங்க கையை மடியில வெச்சுட்டுச் சும்மாதாண்ணா உக்காந்திருக்கறாங்க."

நான் போனேனா? போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், பொள்ளாச்சியில் ஒரு செய்திக்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவில் பஸ் நின்றது. நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கே உங்கள் தம்பி தோட்டத்தில் இருப்பதாகச் சரசு சொல்லியிருந்தாள். இறங்கும் எண்ணம் எனக்கு இல்லை. கால் இறங்கிவிட்டது.

தென்னைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். உதட்டில் செம்மண் நிறம். வேலையை விட்ட மறுவாரமே பெட்டியைத் திறந்துவிட்டீர்களாம். அட்டை மட்டும் இப்போது தபால் கார்டு அளவுக்கு வளர்ந்திருந்தது.

"கண்ணு முன்ன மாற இல்லீங் தம்பி. இது பொடிப்படமில்லை, பொடிப்படத்துக்கு அண்ணன்."

மோர் வந்தது. குடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். நீங்களே சொன்னீர்கள்.

"அன்னிக்குக் காத்தால மொதல்ல வந்தவர் ஒரு பஸ் கண்டக்டருங். காக்கிச் சட்டை, தோள்ல தோல் பை. கெணத்தைப் பாத்துப்போட்டுப் போனாரு. சித்தெ நேரங்கழிச்சு மறுக்கா வரிசையில நின்னு வந்து, இன்னொருக்கா கண்ணாடி வேணுமுங்கறாரு. 'இந்தக் கவுத்தை எதுலீங்க வரைஞ்சீங்க?'ன்னாரு. ஒத்த மசுருலீங்கன்னேன். அப்பிடியே பாத்துட்டே நின்னாரு. அப்பறம், 'நான் வேற ஒண்ணை நெனைச்சுட்டு வந்துட்டனுங்கம்மா, மன்னிச்சுருங்'ன்னு பையிலிருந்து பேப்பரை எடுத்துக் காட்டிப்போட்டுப் போனாரு."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. "அப்ப நான் வந்தப்ப..."

"தெரியுமுங்."

"எல்லாரும் எதுக்கு வந்தாங்கன்னு தெரிஞ்சேவா கண்ணாடி குடுத்துட்டிருந்தீங்க?"

"வந்துட்டாங்க. பாத்துட்டுப் போகட்டுமேன்னுதான். நான் மூடிப்போட்டிருந்தா அவுங்க நெனைச்சுட்டு வந்ததே நெசமாப் போயிருக்குமில்லீங்?" பிறகு உங்கள் தோள் குலுங்கியது. "அறையில நாலஞ்சு இருக்குது, வெளிய காட்டற மாற இல்லைன்னு சொன்னதுங்கூடத் தெரிஞ்சே சொன்னதுதான். கொஞ்சம் ஏங்கட்டும்னு."

"என்ற எழுத்துக்கு வந்த சனம்னு சொன்னீங்களே..."

"நீங்க தூணோட தூணா வெளுத்துப் போயி நின்னீங் தம்பி. வேற என்னத்தைச் சொல்றது?"

தென்னை ஓலை அசைந்துகொண்டிருந்தது. நான் மோர் லோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடமும் உங்களை ஒன்றும் அறியாமல் ஏமாந்து நின்றவராக நினைத்து இரக்கப்பட்டிருந்தேன். அந்த இரக்கத்திலேயே எனக்கு ஒரு சிறு ஆறுதலும் இருந்தது. உண்மையில் அந்தக் கூடத்தில் நடந்தது எதையும் பார்க்காமல் நின்றவன் நான்தான். நான் வருவதற்குள் இரண்டாம் தடவை வரிசையில் நின்று பார்த்துப்போன மனிதர் ஒருவர் இருந்தார். எல்லோரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த நான், ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அந்த ஆளைப் பத்தி எழுதியிருக்கலாமில்லீங் தம்பி" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. இன்னொரு லோட்டா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

புறப்படும்போது கட்டிலில் கிடந்த படங்களில் ஒன்றைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உங்கள் படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது.

நீங்கள் போன செய்தி சரசு வழியாகத்தான் வந்தது. நான் கிணத்துக்கடவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பேப்பருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினேன். மிஷன் பெண்கள் பள்ளி விடுதியின் முன்னாள் காப்பாளர் காலமானார், பல பெண்களைப் படிக்க வைத்தவர். படங்களைப் பற்றி எழுதவில்லை. அவற்றுக்கு என்ன பெயர் எழுதுவது என்று வந்த இடத்தில் பேனா நின்றது. நீங்கள் வைத்த பெயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அச்சுக்கு ஆகாது என்று சொன்ன வாயை மீறிக்கொண்டு அதை எழுத அன்றும் என்னால் முடியவில்லை.

நேற்று வந்த பத்திரிகைக்கு முகூர்த்தம் இன்னும் முடியவில்லை. அதை எடுத்து வைத்துவிட்டு, பழைய அட்டை ஒன்றைத் துண்டு போட்டேன். மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வர்ணப் பெட்டி போன மாதமே வாங்கியிருந்தேன். பிரஷ்ஷைக் கத்தரித்தேன். இரண்டு கொக்கு வரைய உட்கார்ந்தேன். முதல் கொக்கு வாத்தாகிவிட்டது. இரண்டாவதற்குக் கழுத்து கொஞ்சம் தேறியது. எனக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடிதான். என் கை ரேகைகளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான்.

சரசு வந்தாள். அவளும் இப்போது தலை நரைத்த டீச்சர், ஓய்வு பெற்றவள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, ஒதடெல்லாம் நீலமா இருக்குது!"

"கிட்ட வந்து பாரு."

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "என்னண்ணா இது?"

"பொடிப்படம்" என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

சரசு அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பிறகு, நான் அவளிடம் சொல்லியிருந்த மில் முதலாளியைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது ரெண்டும் எதுக்கு இப்பிடி ஒட்டிட்டு நிக்குது?" என்றாள்.

"அட்டை அவ்வளவுதான்" என்று உங்கள் பதிலையே சொன்னேன், வார்டனம்மா. இரண்டு பேரும் சிரித்தோம். என் காது சிவந்திருந்ததை அவள் பார்த்திருப்பாள்.